விசிலக்கா வீட்டு வண்டி

ஏப்ரல் 27

காலையிலேயே தொண்டை கட்டிவிட்டது. விசில் ஊதுகிறவளுக்கு எதற்குத் தொண்டை என்று இவர் கேலி செய்கிறார். ஊதினால் நின்றுவிடுகிறார்களா என்ன? ஊதவும் வேண்டும், பின்னாலேயே ஓடிக் கத்தவும் வேண்டும்.

விடுமுறை தொடங்கிவிட்டது. நாங்கள் காவல் இருக்கும் ஏரிக்கரை முகாமில் இனி ஒரு பாய் விரிக்க இடமில்லை. மேட்டுப் பக்கம் கேரவன்கள், பள்ளத்துப் பக்கம் கூடாரங்கள், நடுவில் ஒற்றைச் சரளைப் பாதை. வாசலில் நடை வேகம் என்று பலகை வைத்திருக்கிறோம். மனிதன் நடக்கிற வேகத்தில்தான் வண்டி போக வேண்டும். எல்லோரும் படிக்கிறார்கள், "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டுகிறார்கள், வளைவு திரும்பியதும் பறக்கிறார்கள். வளைவுக்கு அப்பால் என் கண்ணுக்குத் தெரியாது. காது மட்டும்தான்.

இந்தத் தடவை பச்சைக் கார் ஒன்று வந்திருக்கிறது. நான்கு வாலிபர்கள். பாட்டுச் சத்தம் முதலில் வரும், புழுதி அடுத்து வரும், கார் கடைசியில் வரும்.

ஏப்ரல் 29

பச்சைக் காரை மறித்தேன். ஓட்டுகிற பையன் கண்ணாடியை இறக்கிச் சிரித்தான். பல்வரிசை நன்றாகத்தான் இருக்கிறது.

"இருபதுலதான் வந்தேன், அக்கா."

"தம்பி, இருபதா நாப்பதான்னு பாத்துட்டா குழந்தை குறுக்க ஓடும்?"

"சரிக்கா. நாளையிலேர்ந்து வண்டியத் தள்ளிக்கிட்டே போறேன்."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு விசிலக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். வைக்கட்டும். வாயில் விசில் இருக்கும்வரை அந்தப் பெயரில் குற்றமில்லை.

மே 1

இரட்டைப் பிள்ளைக்காரி வாசலுக்கு வந்தாள். பள்ளத்தில் முதல் கூடாரம் அவளுடையது. இரண்டு பெண் குழந்தைகள், இன்னும் பல்கூட விழ ஆரம்பிக்கவில்லை. கணவன் வாரக் கடைசியில்தான் வருகிறான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வண்டி கொஞ்சம் வேகமா வருது. குழாயடில பிள்ளைங்க நிக்குதுங்க."

"எங்க வண்டியா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரு வேகமாப் போறதப் பாக்கணும்னு கல்யாணமான நாள்லேர்ந்து எனக்கும் ஆசைதாம்மா."

அவள் சிரிக்கவில்லை.

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் இவர். ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. இங்கே பிக்கப்பில் கேஸ் சிலிண்டரும் குடிதண்ணீரும் கொண்டுபோய் இறக்குகிறார், குப்பை அள்ளி வருகிறார். அவரைப் போய்! அந்தப் பெண்ணுக்கு எங்கள் வண்டியும் ஊரான் வண்டியும் ஒன்றாகத் தெரிகிறது போல. சாப்பாட்டின்போது இதை இவரிடம் சொன்னேன். ஒரு வார்த்தைக்கு நாலு வார்த்தை பேசுகிறவர், தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 2

முதலாளியம்மாவுக்குப் போன் போட்டேன். வேகத்தடை வேண்டும் என்றேன். "போட்டுக்கோங்க. ஆனா வந்தவங்க மனசு கோணாமப் பாத்துக்கோங்க" என்றார். அவர் நகரத்தில் இருக்கிறார். அங்கே மனசு கோணுவது மட்டும்தான் ஆபத்து.

இவரே கல்லும் சிமெண்டும் போட்டுக் குழாயடிக்கு முன்னால் ஒன்று கட்டினார். நான் வெள்ளை அடித்தேன். சாயங்காலத்துக்குள் பச்சைக் கார் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டது. தடையின் மேல் ஏறாமல் ஓரமாகப் புல்லில் இறங்கிச் சுற்றிப் போகிறது. அந்தப் புல்லை ஒட்டித்தான் இரட்டைப் பிள்ளைக்காரியின் கூடாரம். வேகத்தைத் தடுக்கிறேன் என்று வண்டியைக் கூடாரத்துப் பக்கம் நானே திருப்பிவிட்டேனோ? நாளைக்கு அந்த ஓரத்தில் பெரிய கல் நான்கு போடச் சொல்ல வேண்டும்.

மே 4

கல் போடவில்லை. கூட்டம், வேலை, மறந்துபோனது.

மதியம் வளைவுக்கு அப்பாலிருந்து பெரிய சத்தம். சிலிண்டர்கள் தூக்கிப் போட்டு உருண்ட சத்தம். விசிலோடு ஓடினேன். எங்கள் பிக்கப்தான், வேகத்தடையைத் தாண்டி நின்றிருந்தது.

"உயரம் ஜாஸ்தியாப் போச்சு. நாளைக்குக் கொஞ்சம் செதுக்கிடறேன்" என்றார். இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, தரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காலை வைத்தார்.

மே 5

கூடாரக்காரர்கள் தீ மூட்டிய குழியில் தண்ணீர் ஊற்றாமல் போய்விடுகிறார்கள். இவர் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் குப்பைக் கோணியோடு நின்றேன். "எங்கயோ ரப்பர் தீயுதுடி, நாத்தம் வருது பாரு" என்றார். எங்கேயோ இல்லை. அவர் காலில் இருந்த செருப்பு. முனை உருகிக்கொண்டிருந்தது!

தண்ணீரை எடுத்து ஊற்றினேன். சுண்டுவிரல் வெந்து வெளுத்திருந்தது.

"வலிக்கலையா உங்களுக்கு?"

"பஸ்காரன் காலுடி. காய்ச்சின இரும்பு."

அங்கே இருவரும் சிரித்தோம். இப்போது எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? கேட்டால் எரிந்து விழுவார்.

மே 7

எழுத்து கோணலாகப் போகிறது.

இரட்டைப் பிள்ளைக்காரியின் கூடாரத்தின் மேல் வண்டி ஏறிவிட்டது. ஒரு பாதி அப்படியே நசுங்கிக் கிடக்கிறது. கம்பி வளைந்து, துணி கிழிந்து — குழந்தைகள் ஏரியில் இருந்தார்கள். அம்மாவோடு ஏரியில் இருந்தார்கள். இல்லையென்றால்?

உள்ளே பூப்போட்ட சின்னத் தலையணை ஒன்று. அதன் நடுவே டயர் தடம்.

கூட்டம் கூடிவிட்டது. எல்லோர் வாயிலும் பச்சைக் கார்தான். நானும் பாய்ந்தேன். அந்தப் பையனின் சட்டையைப் பிடித்தேன் என்று நினைக்கிறேன்.

"நான் இல்லக்கா. சத்தியமா இன்னைக்கு இந்தப் பக்கமே வரல."

"புல்லுல ஏத்திச் சுத்திப் போனது யாருடா?"

"அது நான்தான். இது நான் இல்ல."

கேட்பேனா நான்? என்னென்னவோ பேசினேன். விசிலை எடுத்து அவன் முகத்துக்கு நேராக ஊதினேன். இரட்டைப் பிள்ளைக்காரி அழவில்லை, கத்தவில்லை. அந்தத் தலையணையைத் தட்டித் தட்டி மண்ணை உதறிக்கொண்டே இருந்தாள். இவர் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார்.

மே 8

பச்சைக் காரை அனுப்பியாகிவிட்டது. முதலாளியம்மா ஒரே போனில் முடித்துவிட்டார். பையனின் அப்பாவைக் கூப்பிட்டு அவரே விஷயத்தைச் சொன்னாராம். இரட்டைப் பிள்ளைக்காரிக்கு மேட்டில் பழைய கேரவன் ஒன்றைத் திறந்து கொடுத்தோம். "இனிமே பயமில்லாம இருக்கலாம், விசிலக்கா இருக்காங்க" என்று கேரவன்காரர்கள் சொல்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. உண்மையைச் சொன்னால், பெருமையாகத்தான் இருந்தது.

மே 9

இவர் இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை. வயிறு மந்தமாம்.

மே 10

பிக்கப்பைக் கழுவினேன். வழக்கமாக அவர் கழுவுவார். இன்று "நானே பாத்துக்கறேன், நீ போ" என்று இரண்டு முறை சொன்னார். கேட்காமல் குழாயைப் பிடுங்கிக்கொண்டேன்.

முன் சக்கரத்துக்கு உள்ளே நீலக் கயிறு சுற்றியிருந்தது. இழுத்தேன், வந்துகொண்டே இருந்தது. நுனியில் கூடாரம் அடிக்கிற இரும்பு முளை.

நீலக் கயிறு. அந்தக் கூடாரத்தின் கயிறு.

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, அவர் படியில் உட்கார்ந்திருக்கிறார், நான் கயிறும் கையுமாக நிற்கிறேன். எவ்வளவு நேரம் நின்றேனோ.

"பிரேக் புடிக்கல" என்றார். "வண்டி தானா இழுத்துக்கிட்டு புல்லுல இறங்கிடுச்சு. உள்ள யாரும் இல்லன்னு பாத்துட்டேன். வந்து சொல்லலாம்னுதான் வந்தேன்."

"அப்ப ஏன் சொல்லல? ஏன் சொல்லல?"

"நீ விசிலோட நின்னுட்டிருந்த. நான் எப்படிச் சொல்றது?"

அடப்பாவி மனுஷா. அடப்பாவி நான்.

மே 11

மெக்கானிக் வந்து வண்டியைப் பிரித்துப் பார்த்தார். ஓட்டிப் பார்த்தார். நிறுத்திப் பார்த்தார். "பிரேக்ல ஒரு குறையும் இல்லம்மா. தொட்டா நிக்குது. புது வண்டி மாதிரி இருக்கு" என்றார்.

பிரேக் சரியில்லை என்று அவர் சொல்லிவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஒரு வண்டிக்கு நல்ல பெயர் கிடைத்ததற்கு நான் வருந்தியது இன்றுதான்.

வண்டியில் குறை இல்லை என்றால் குறை எங்கே?

மே 13

காலில்.

சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், பேருந்தில். டாக்டரம்மா சின்னப் பெண். விரல் புண்ணைப் பார்த்து முகம் சுளித்தாள். பிறகு மெல்லிய இழை ஒன்றை எடுத்தாள், தூண்டில் நரம்பு மாதிரி இருந்தது. "கண்ண மூடிக்கோங்க ஐயா. நான் தொடும்போதெல்லாம் 'ம்' சொல்லுங்க" என்றாள்.

இவர் கண்ணை மூடிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார், பரீட்சை எழுதப் போகிறவர் போல. அவள் கட்டை விரலில் குத்தினாள். உள்ளங்காலில், குதிகாலில், ஓரத்தில். மறு காலில். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இவரிடம் ஒரு 'ம்' இல்லை. பொறுமையாகக் காத்திருந்தார்.

"ஆரம்பிங்க டாக்டர்" என்றார்.

அவள் இழையைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.

மே 14

வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னாள். பாதம் எந்த மிதியில் இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று இவருக்குத் தெரியாது. இத்தனை நாளும் கண்ணாலும் காதாலும் ஓட்டியிருக்கிறார்.

காலையில் சாவியை எடுத்துக்கொண்டார்.

"ஓட்டலைன்னா வேலை இல்ல. வேலை இல்லைன்னா இந்த வீடும் இல்ல. எங்க போவோம், சொல்லு. மக வீட்டு ஒத்தை ரூம்ல போய் விழுவோமா?"

எனக்கும் அதுதானே பயம். வாசல் அறையும் பின்னால் இருக்கும் இந்த வீடும் வேலையோடு வந்தவை. விடுமுறை முடிகிறவரை என்று பேசிக்கொண்டோம். அதுவரை நான் பக்கத்தில் உட்கார்ந்து போவது. அவர் காலுக்கு என் கண். என் கை எப்போதும் கை பிரேக்கின் மேல்.

ஊரான் பிள்ளையை விரட்டிவிட்டு என் வீட்டு ஆளுக்கு நானே காவல் போகிறேன். இது எந்த ஊர் நியாயம்?

மே 15

"என்ன விசிலக்கா, புதுசாக் கல்யாணம் ஆனவங்க மாதிரி ஜோடியாச் சுத்துறீங்க!" என்கிறார்கள் கேரவன்காரர்கள். நானும் பல்லைக் காட்டினேன். கை பிரேக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. இரட்டைக் குழந்தைகள் "மாமா, மாமா" என்று வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வருகிறார்கள். பெரியவள் கொஞ்சம் தள்ளி நிற்பாள். சின்னவளுக்குத் தூரம் என்பதே தெரியாது.

மே 17

குழாயடிக்கு இறங்குகிற சரிவு. பிள்ளைகள் வாளியோடு வரிசையில் நின்றிருந்தார்கள். எங்கள் வண்டியைப் பார்த்ததும் சின்னவள் வரிசையை விட்டு ஓடி வந்தாள், கையை ஆட்டிக்கொண்டு, நேராக.

"அழுத்துங்க."

"அழுத்திட்டுதான் இருக்கேன்."

"அழுத்துங்கங்க!"

"அழுத்துறேன்டி, அழுத்திட்டுதான் இருக்கேன்!"

குனிந்து பார்த்தேன். கால் ஆக்சிலேட்டரில் இருந்தது.

இரண்டு கையாலும் கை பிரேக்கை இழுத்தேன். சரளை தெறித்தது. வண்டி பக்கவாட்டில் இழுத்துப் போய் நின்றது. முன்கண்ணாடியில் சின்னவளின் தலைமுடி மட்டும் தெரிந்தது, அவ்வளவு கிட்டத்தில். அப்புறம் கை தெரிந்தது. இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இது விளையாட்டு. சுற்றி நின்றவர்களுக்கும் வண்டி சறுக்கிவிட்டது, அவ்வளவுதான். இவர் ஸ்டீயரிங்கை விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

போதும்.

மே 18

முதலாளியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கால், கூடாரம், பச்சைக் கார்ப் பையன், நேற்று நடந்தது. கேட்டுவிட்டுச் சொன்னார்.

"விடுமுறை முடியட்டும்மா. இப்பப் போய் டிரைவருக்கு நான் எங்க போவேன்? நீங்கதான் பக்கத்துல உக்காந்து போறீங்களாமே. அப்படியே போங்க."

"அந்தப் பையன மட்டும் ஒரே நாள்ல அனுப்புனீங்களே?"

"அவன் வேற, நாம வேற."

நேற்று வரை நானும் அதையேதான் நினைத்தேன், வாயால் சொல்லவில்லை. அதைக் கேட்டதும் உடம்பெல்லாம் கூசியது.

மே 19

இவர் குளிக்கும்போது சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். வாசல் பலகையில் எழுதினேன். 'ஓட்டுநருக்கு உடம்பு சரியில்லை. இன்று முதல் முகாம் வண்டி ஓடாது. சிலிண்டரும் தண்ணீரும் வாசலில் வந்து எடுத்துக்கொள்ளவும்.'

ஈரத் தலையோடு வந்து படித்தார்.

"ஊருக்கு முன்னால என்னை நொண்டியாக்கிட்ட."

"ஒரு பிள்ளை மேல ஏத்திட்டு ரெண்டு காலோட நிக்கிறதுக்கு இது மேல்."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் கூடாரத்தப் பத்திச் சொல்லிடாத. பிள்ளைங்க என்னை மாமாங்குதுங்க."

சரி என்றேன். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

மே 20

பச்சைக் கார்ப் பையனின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனேக்கா" என்றான். குரலில் அந்தப் பழைய சிரிப்பு இல்லை. "அப்பா கார வித்துட்டாரு. என்கூடப் பேசுறதில்ல. என்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது? அவருகிட்டச் சொல்லுங்க."

அப்பாவிடமும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். போனை வைத்துவிட்டார். சரிதான். நான் அவன் பேச்சை முழுக்கக் கேட்கக்கூட இல்லையே.

மே 22

மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் முதலாளியம்மா. புது டிரைவருக்கு வேண்டுமாம்.

மே 24

காலுக்குக் கட்டுப் போட்டேன். இவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். அழுத்தினால் உண்மையிலேயே தெரியாதா என்று இன்று கொஞ்சம் அழுத்திப் பார்த்தேன். கட்டுத்துணியில் ரத்தம் கசிந்தது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பாவி நான், இதையும் செய்தேன்.

மே 25

புது டிரைவர் வந்துவிட்டான். முதலாளியம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டு காலும் நன்றாக இருக்கிறது. சாவியைக் கொடுத்ததும் வளைவில் புழுதி கிளப்பிக்கொண்டு போனான். விசில் ஊதினேன். கையை வெளியே நீட்டி ஆட்டினான்.

ஓரத்தில் போட வேண்டிய அந்த நான்கு கற்களையும் இன்று நானே உருட்டிப் போட்டேன். இவர் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 29

மூட்டை கட்டியாகிவிட்டது. மகள் மதியம் வருகிறாள். இரட்டைப் பிள்ளைக்காரியும் இன்றுதான் கிளம்புகிறாள். சொல்லிக்கொண்டு போக வாசலுக்கு வந்தாள். புது டிரைவர் சாப்பிடப் போயிருந்தான். பிக்கப் வாசலில் நின்றது, சாவி அதிலேயே இருந்தது.

சின்னவள் ஏறி ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். "மாமா, ஒரே ஒரு ரவுண்டு. கடைசியா" என்றாள்.

இவர் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, அவள் பக்கத்தில் போய் நின்றார். சாவியைத்தான் பார்த்தார். நான் ஓரடி முன்னால் வைத்தேன்.

"மாமாவால முடியாது கண்ணு. பிரேக் எங்க இருக்குன்னு மாமா காலுக்குத் தெரியல."

"கையால அமுக்குங்க."

சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பி, அவள் அம்மாவைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அன்னைக்கு உங்க கூடாரத்து மேல ஏத்துனது நான்தாம்மா. அந்தப் பையன் இல்ல. பிள்ளைங்க உள்ள இருந்திருந்தாலும் ஏத்தியிருப்பேன். எனக்குத் தெரிஞ்சிருக்காது."

அவள் இவரைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். இருக்கையிலிருந்து சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பெரியவளின் கையைப் பிடித்தாள். நடந்தாள். பாதை வளைகிறவரை சின்னவள் மட்டும் அம்மாவின் தோள்மேல் கையை ஆட்டிக்கொண்டே போனாள். இவர் பதிலுக்குக் கையைத் தூக்கவில்லை.

"சொல்லிட்டேன்" என்றார் என்னிடம். சாவியைக் கேட்டு நான் வாங்கிய நாளுக்குப் பிறகு — இல்லை, கேட்காமல் எடுத்த நாளுக்குப் பிறகு — அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது.